கணினிக்குக் காய்ச்சல், மருந்து 39.95 டாலர்

இணையத்தில் ஏதோ படித்துக்கொண்டிருப்பார்கள். திடீரென்று ஒரு ஜன்னல் குதிக்கும். "உங்கள் கணினி ஆபத்தில் உள்ளது!" சிவப்பு எழுத்து, நகரும் பச்சைக் கோடு, சரசரவென்று ஓடும் கோப்புப் பெயர்கள்... கணினி வாங்கி ஒரு மாதமே ஆனவருக்கு வயிற்றைக் கலக்குமா கலக்காதா?

வேடிக்கை என்னவென்றால், அங்கே எந்தச் சோதனையும் நடக்கவில்லை. ஒரு வலைப்பக்கம் தானாக ஹார்ட் டிஸ்க் முழுவதையும் துழாவிப் பார்த்துவிட முடியாது. ஓடுவது வெறும் அனிமேஷன். சி டிரைவே இல்லாத மேக் கணினியில்கூட "சி டிரைவில் வைரஸ்" என்று காட்டும் :-) மூலையில் இருக்கும் எக்ஸ் குறியும் பல நேரம் படத்தின் ஒரு பகுதிதான். மூடலாம் என்று அழுத்தினால் டவுன்லோடு தொடங்கிவிடும். டாஸ்க் மேனேஜருக்குப் போய் பிரவுசரையே மூடுவதுதான் நல்லது.

இதைப் பெரிய அளவில் நடத்தியது இன்னொவேட்டிவ் மார்க்கெட்டிங் என்ற கம்பெனி. பதிவு பெலிஸில், ஆபீஸ் உக்ரைனில். வின்ஃபிக்ஸர், டிரைவ்கிளீனர், எரர்சேஃப், எக்ஸ்பி ஆன்டிவைரஸ் என்று விதவிதமான பெயர்களில் சரக்கு. விலை 39.95 டாலரில் ஆரம்பம். 2008 டிசம்பரில் அமெரிக்காவின் ஃபெடரல் டிரேட் கமிஷன் வழக்குப் போட்டபோது, பத்து லட்சம் பேருக்கு மேல் வாங்கியிருந்தார்கள் என்றது.

இத்தனை பேர் முன்னால் விளம்பரம் எப்படிப் போய் நின்றது? இங்கேதான் மூளை வேலை செய்திருக்கிறது. நல்ல நிறுவனங்களின் சார்பில் வருவதாகச் சொல்லி விளம்பர நெட்வொர்க்குகளில் இடம் வாங்கினார்கள். உள்ளே ஒரு மறைவான நிரல். நெட்வொர்க் ஊழியர்கள் திறந்து பார்த்தால் சாதுவான விளம்பரம், பொதுமக்கள் பார்த்தால் பயமுறுத்தும் ஜன்னல்! சரக்கை வாங்கும் முன் சாம்பிள் பார்க்க வேண்டும் என்று வணிகவியலில் சொல்லித் தருகிறார்கள். சாம்பிளே ஆளைப் பார்த்து மாறினால் என்ன செய்வது?

அதைவிட மோசமான ஒன்று உண்டு. வைரஸ் மட்டுமல்ல, சட்டவிரோத ஆபாசப் படங்களும் கணினியில் இருப்பதாக அந்தப் போலிச் சோதனை சொல்லும். வீட்டில் நாலு பேர் உபயோகிக்கும் கணினி என்றால்? யாரிடமும் கேட்க முடியாது, கடைக்காரரிடம் கொண்டுபோகவும் கூச்சம். கார்டு நம்பரைத் தட்டிவிட்டு, சத்தம் போடாமல் இருந்துவிடுவார்கள். பயத்தை விற்றார்கள் என்று எல்லோரும் எழுதுகிறார்கள், வெட்கத்தையும் சேர்த்தே விற்றிருக்கிறார்கள்.

2012-ல் மேரிலாந்து நீதிமன்றம் பிரதிவாதிகளில் ஒருவர் 16 கோடியே 30 லட்சம் டாலருக்கு மேல் கட்ட வேண்டும் என்று தீர்ப்பளித்தது. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. வாங்கியவர்கள் கைக்கு வந்தது வேறு கணக்கு. இன்னொரு பிரதிவாதியுடன் ஏற்பட்ட சமரசத்தில் கிடைத்த தொகையிலிருந்து 2011 டிசம்பரில் 3,20,000-க்கும் மேற்பட்ட செக்குகள் தபாலில் போயின. சராசரியாக ஒரு செக் 20 டாலர். போட்டதில் பாதி, அதுவும் மூன்று வருடம் கழித்து.