மின்கம்பத்திலிருந்து 11 மீட்டர் 40

குற்றாலத்தில் சாரல் பிடித்துவிட்டால் தென்காசி, இலஞ்சி, காசிமேஜர்புரம் பக்கத்துச் சாலைகளுக்கு இரவு பகல் கிடையாது. ஐந்தருவிக்கு ஏறும் வேன், பழைய குற்றாலத்திலிருந்து இறங்கும் கார், செங்கோட்டை பார்டர் கடைக்குப் பரோட்டா சாப்பிடக் கிளம்பும் பைக், இவற்றுக்கு நடுவே புளியரை வழியாகக் கேரளம் போகும் லாரிகள். சாலை நனைந்தே கிடக்கும். விபத்து நடக்கவும் அந்த ஈரம் காரணமாகிறது. நடந்த பிறகு தடம் அழியவும் அதுவே காரணமாகிறது.

அந்தத் தடத்தை அளந்து தாளில் ஏற்றும் காவலர்களின் வேலையைப் பக்கத்தில் நின்று பார்க்கப் போயிருந்தேன். காவல் நிலையத்தில் அதை ‘ரஃப் ஸ்கெட்ச்’ என்கிறார்கள். பார்வை மகஜரோடு கோர்ட்டுக்குப் போகும் ஒற்றைத் தாள். வண்டி ஓட்டியவர் சிறைக்குப் போவாரா, இறந்தவரின் குடும்பத்துக்கு இழப்பீடு முழுதாகக் கிடைக்குமா, ‘அவர் பேரிலும் பாதித் தப்பு’ என்று இன்சூரன்ஸ் வக்கீல் வாதாட இடம் கிடைக்குமா என்பதெல்லாம் பல வழக்குகளில் அந்தத் தாளைப் பொறுத்தே இருக்கிறது.

உதவி ஆய்வாளர் அனுபவசாலி. முடிந்துபோன வழக்கு ஒன்றின் ஸ்கெட்சை மட்டும் வைத்துக்கொண்டு, பைக் விழுந்த இடத்தை இன்றைக்குக் கண்டுபிடிக்க முடியுமா என்று அவரிடம் கேட்டேன். பதில் பக்கத்திலிருந்த ஏட்டையாவிடமிருந்து வந்தது. “ஸ்கெட்சு சரியா இருந்தா அந்த வண்டியவே கொண்டாந்து அதே எடத்துல படுக்கப் போட்டுரலாம் சார். வாங்க, காட்டுதேன்.”

இலஞ்சி தாண்டி ஓர் இறக்கத்தில் ஜீப் நின்றது. ஏட்டையா முதலில் மின்கம்பத்தின் எண்ணைத் தாளோடு ஒப்பிட்டுப் பார்த்தார். பிறகு சிறுபாலத்தின் கைப்பிடிச் சுவர் மூலை. இரண்டும் நகராத பொருட்கள். கம்பத்தடியில் ஒரு காவலர் டேப்பின் வளையத்தைப் பிடித்துக்கொண்டார். இன்னொருவர் பாலத்து மூலையில். கம்பத்திலிருந்து 11 மீட்டர் 40, மூலையிலிருந்து 7 மீட்டர் 85. இரண்டு டேப்பையும் இழுத்துக்கொண்டு போய், இரண்டு அளவும் ஒன்றாகச் சேரும் இடத்தில் ஏட்டையா குனிந்து உட்கார்ந்தார். கையால் மண்ணைத் தள்ளினார். “இந்தா கெடக்கு பாருங்க.”

தாரில் ஒரு பள்ளக் கீறல். சுண்டுவிரல் நுனி உள்ளே போகிறது. விளிம்புகள் டயர் பட்டுப் பட்டு மழுங்கியிருக்கின்றன, ஆனால் திசை மாறவில்லை: மேற்கே ஆழம், கிழக்கே போகப் போகத் தேய்ந்து மறைகிறது. பைக் சரிந்தபோது ஃபுட்ரெஸ்ட் குத்திய இடம் அது. மோதிய பின் வண்டி எந்தப் பக்கம் இழுபட்டது என்பதைச் சாட்சி யாரும் சொல்லவில்லை; கீறல் சொல்லியிருக்கிறது. அதை அன்றைக்கே ஒருவர் டார்ச் அடித்துத் தேடிப்பிடித்து அளந்து வைத்திருக்கிறார் என்பதுதான் என்னை வியக்கவைத்தது.

தெரிந்த இரண்டு புள்ளிகளிலிருந்து தெரியாத மூன்றாவதைப் பிடிக்கும் இந்த முறை நம் மண்ணில் பழையது. 1802-இல் நில அளவையாளர் லாம்ப்டன் சென்னையில் தொடங்கி இந்தியா முழுவதையும் அளக்க வழிசெய்த முக்கோண அளவையும் அடிப்படையில் இதன் குடும்பம்தான். அவர் கோணத்தை அளந்தார், ஏட்டையா நீளத்தை அளக்கிறார்.

எல்லா ஸ்கெட்சும் இப்படி அமைவதில்லை. இன்னொரு தாளையும் காட்டினார்கள். திருநெல்வேலி – தென்காசி சாலையில் நடந்த விபத்து. ‘புளியமரத்துக்குத் தெற்கே 10 மீட்டர்’ என்று எழுதியிருந்தது. ஒரே அடையாளம், ஒரே அளவு, அதுவும் முழு எண்ணில். நான்குவழிச் சாலை வேலையில் மரம் போய்விட்டது. அந்தத் தாளை வைத்து இனி யாரும் எதையும் நிரூபிக்க முடியாது. எழுதியவரைக் குறைசொல்ல எனக்கு மனம் வரவில்லை. நள்ளிரவில், இருபுறமும் ஹாரன் அலற, அடிபட்டவரை ஆம்புலன்சில் ஏற்றிவிட்டு வந்து எழுதியிருப்பார். இதற்கென்று அவருக்கு யார் பயிற்சி கொடுத்தார்கள்?

ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக, சாலைப்பணியில் இருக்கும் தனியார் சர்வேயர் ஒருவரையும் அழைத்திருந்தேன். டோட்டல் ஸ்டேஷன் என்ற அளவைக் கருவியை முக்காலியில் ஏற்றி மட்டம் பார்த்தார். உதவியாளர் கோலின் தலையில் பிரிசத்தைத் தாங்கிக் கீறலின் மேல் நின்றார். டேப் 11.40 என்ற இடத்தில் கருவி 11.36 காட்டியது. நான்கு சென்டிமீட்டர் எங்கே போனது? டேப் இறக்கத்தோடு சாய்ந்து, நடுவில் தொய்ந்து அளந்திருக்கிறது. கருவி கிடைத்தூரத்தைத் தனியாகவும் உயர வேறுபாட்டைத் தனியாகவும் தருகிறது. தூரத்தில் இந்த வித்தியாசம் பெரிதல்ல. டேப்பால் தர முடியாதது அந்தச் சரிவு. இறக்கத்தில் வண்டி நிற்க அதிகத் தூரம் ஓடும் என்பதால் வேகக் கணக்கில் அதுவும் சேர வேண்டும்.

வேகக் கணக்கைச் சுருக்கமாகச் சொல்கிறேன். பிரேக் பிடித்துச் சறுக்கிய தடத்தின் மீட்டர் நீளத்தையும் சாலையின் உராய்வு எண்ணையும் பெருக்கி, அதை 254-ஆல் பெருக்கி, வர்க்கமூலம் எடுத்தால் சமதளச் சாலையில் குறைந்தபட்ச வேகம் மணிக்குக் கிலோமீட்டரில் வரும். 30 மீட்டர் தடம், காய்ந்த தார்ச்சாலை, உராய்வு 0.7 என்றால் சுமார் 73 கி.மீ. அதே 30 மீட்டர், சாரலில் நனைந்து உராய்வு 0.4 என்றால் சுமார் 55. ‘சாலை ஈரம்’ என்று தாளில் எழுதத் தவறினால் 18 கி.மீ. வேகம் ஓட்டுநரின் தலையில் கூடுதலாக விழுந்துவிடும். மழையில் தடமே சரியாக விழுவதில்லை என்பது வேறு. 2019 ஏப்ரலிலிருந்து கார்களுக்கும் 125 சிசிக்கு மேற்பட்ட புதிய பைக்குகளுக்கும், சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் ஏபிஎஸ் கட்டாயமாகிவிட்டதால், கறுப்பாக நீளும் பழைய சறுக்குத் தடம் இன்னும் அரிதாகும். உடைந்த கண்ணாடி கிடந்த இடம், கீறல், வண்டி கடைசியாக நின்ற இடம் ஆகியவைதான் மிஞ்சும்.

டிரோன், லேசர் ஸ்கேனர் என்று உலகம் வெகுதூரம் போய்விட்டது. நெடுஞ்சாலையைச் சீக்கிரம் திறந்துவிட வேண்டும் என்பதற்காகவே 2011-இல் பிரிட்டிஷ் அரசு காவல் துறைக்கு லேசர் ஸ்கேனர் வாங்கப் பணம் ஒதுக்கியது. குற்றாலத்துக்கு அவை அப்படியே பொருந்தா என்பது என் கணிப்பு. சாரலில் டிரோன் பறக்காது. மரக்கிளை மூடிய சாலை மேலிருந்து தெரியாது. நனைந்த கறுப்புத் தாரிலிருந்து லேசர் ஒளி சரியாகத் திரும்பாது. இங்கே உதவுவது டோட்டல் ஸ்டேஷனும், சுற்றிலும் நின்று ஒன்றன்மேல் ஒன்று படியும்படி எடுத்த படங்களும்தான். ஐஐடி சென்னை உருவாக்கிய ஐராட் என்ற விபத்துப் பதிவுச் செயலியில் காவலர்கள் இடத்தையும் படங்களையும் ஏற்றுகிறார்கள். நல்ல ஏற்பாடு. ஆனால் போனின் ஜிபிஎஸ் மரத்தடியில் சில மீட்டர் தவறும். விபத்து எந்த ஊரருகே என்று சொல்லும், சக்கரம் நடுக்கோட்டுக்கு இந்தப் பக்கமா அந்தப் பக்கமா என்று சொல்லாது.

2024 ஜனவரி 28 அதிகாலையில், குற்றாலத்தில் குளித்துவிட்டுப் புளியங்குடிக்குத் திரும்பிய கார் சிங்கிலிபட்டிக்கும் புன்னையாபுரத்துக்கும் இடையே சிமென்ட் லாரியோடு மோதி, காரில் வந்த 6 பேரும் இறந்தார்கள். ஒரு வண்டியில் வந்த எல்லோரும் போய்விட்டால் அவர்கள் பக்கத்தைச் சொல்ல வாய் இல்லை. சாலையில் கிடப்பதைத்தான் கேட்க வேண்டும்.

சட்டம் அதற்குப் போதிய இடம் தரவில்லை. 2024 ஜூலை 1 முதல் நடப்பிலிருக்கும் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 176(3) பிரிவு, 7 ஆண்டு அல்லது அதற்கு மேல் தண்டனையுள்ள குற்றங்களுக்குத்தான் தடய அறிவியல் நிபுணர் நேரில் வர வேண்டும் என்கிறது. கவனக்குறைவாக வண்டி ஓட்டி உயிரிழப்பு ஏற்படுத்தியதற்குப் பொதுவாகப் போடப்படும் பாரதிய நியாய சன்ஹிதா 106(1)-க்கு அதிகபட்சம் 5 ஆண்டு. ஆகவே சாலைச் சாவுக்கு நிபுணர் வந்தாக வேண்டிய கட்டாயம் இல்லை. 2023-இல் தமிழ்நாட்டில் சாலை விபத்துகளில் 18,347 பேர் இறந்தார்கள். இத்தனை சாவுக்கும் முதல் அளவைக் கையில் எடுப்பவர் டேப் பிடித்த காவலர்தான். மாவட்டத்துக்கு ஓரிரு டோட்டல் ஸ்டேஷன், அதை இயக்கத் தெரிந்த சிலர், எல்லா நிலையங்களுக்கும் முறையான பயிற்சி: இது அரசுக்குத் தாங்க முடியாத செலவே அல்ல.

வாசகர்களுக்கு ஒரு வேண்டுகோள். விபத்தைக் கண்டால் முதலில் அடிபட்டவரைத் தூக்குங்கள். மோட்டார் வாகனச் சட்டத்தின் 134ஏ பிரிவு உங்களுக்குப் பாதுகாப்பு. முடிந்தால், வண்டிகளை நகர்த்துமுன் நான்கு பக்கமிருந்தும் போனில் படம் எடுங்கள். மின்கம்பமோ பாலமோ அதில் தெரியட்டும். உங்கள் குடும்பத்தில் ஒருவருக்கு விபத்து நேர்ந்திருந்தால், தமிழ்நாடு காவல் துறையின் இணையதளத்திலோ வக்கீல் மூலமோ வழக்கின் ஸ்கெட்சைக் கேட்டு வாங்குங்கள். நகராத இரண்டு பொருட்களிலிருந்து அளவு போட்டிருக்கிறதா, சாலை ஈரமா காய்ந்ததா என்று எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் கீறல் தேய்வதற்குள், சாலைக்கு மறுதார் போடுவதற்குள், திரும்ப அளக்கச் சொல்லி எழுத்தில் மனுக் கொடுங்கள்.