கடல் தெரியற ரூமுக்கு 1,500 ரூபாய் எக்ஸ்ட்ரா குடுக்கலாமா?

புக்கிங் ஆப்பைத் திறந்தால் ஒரே ஹோட்டலில் ரெண்டு ரூம் காட்டும். ரெண்டிலும் அதே கட்டில், அதே ஏசி, அதே கீசர், காலையில் அதே இட்லி, அதே பொங்கல். ஒன்றின் பெயர் ஸ்டாண்டர்ட், இன்னொன்றின் பெயர் சீ வியூ. வித்தியாசம் ஒரு ராத்திரிக்கு 1,500 ரூபாய். ஜன்னலுக்கு வெளியே தெரியற கடலை ஹோட்டல்காரர் தோண்டவும் இல்லை, தண்ணி ஊத்தவும் இல்லை. அப்புறம் எதுக்கு 1,500?

எங்க ஹாஸ்டலில் கேட்டால் பதில் ரெடியா இருக்கும். "ரூம்ல யார்டா இருக்கப் போறா? தூங்கத்தானே போறோம்." எங்க வீட்டில் அப்பாவும் கிட்டத்தட்ட அதையேதான் சொல்வார். "கண்ண மூடிட்டா எல்லா ரூமும் ஒண்ணுதாம்ல." அப்பா ராஜபாளையம் பக்கம் ஒரு மில்லில் ஷிப்ட் வேலை பார்க்கிறார். நைட் ஷிப்ட் முடித்துவிட்டுப் பகலில் தூங்கியே பழகியவர். அவருக்கு நல்ல ரூம் என்றால் இருட்டு, ஃபேன் காற்று, சத்தமில்லாத தெரு. அவ்வளவுதான்.

ரெண்டு பேர் சொல்வதும் நியாயம்தான். இருந்தாலும் இந்த ஜனவரியில் வீட்டோடு கன்னியாகுமரி போனபோது, என் இன்டர்ன்ஷிப் ஸ்டைபண்டிலிருந்து மிச்சப் பணத்தைப் போட்டு சீ வியூ ரூம்தான் எடுத்தேன். எங்க வீட்டுக்கு 3,000 ரூபாய் என்பது சின்ன விஷயம் கிடையாது. அந்தக் காசுக்கு என்ன கிடைச்சது என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன். கணக்கும் இருக்கு.

முதலில், விலை எங்கிருந்து வருது? நான் சிவில். பெரும்பாலான ஹோட்டல் பிளானைப் பார்த்தால் நடுவில் ஒரு காரிடார், ரெண்டு பக்கமும் ரூம். கட்டும்போது ரெண்டு பக்கத்துக்கும் அதே செங்கல், அதே கம்பி, அதே சிமென்ட். ஆனால் கடல் ஒரு பக்கம்தான் இருக்கும். அதனால் 40 ரூம் கட்டினால் அதிகபட்சம் 20 ரூமில்தான் கடல் தெரியும். மறுபக்கம் ரோடு, இல்லேன்னா பக்கத்துக் கட்டடத்தின் தண்ணி டேங்க். நாம் எக்ஸ்ட்ரா கொடுப்பது கட்டின செலவுக்கு இல்லை. அந்த 20-ல் ஒன்று நமக்குக் கிடைப்பதற்கு.

சரி, அந்த ஒன்று நமக்குத் தேவையா?

போன வருஷம் நாங்க எட்டு பசங்க கொடைக்கானல் போனோம். ரெண்டு ஸ்டாண்டர்ட் ரூம். ஜன்னலைத் திறந்தால் ஒரு பாசி பிடிச்ச சுவர். (அந்த ஹோட்டலில் காசு கூடக் குடுத்தால் வேலி வியூ ரூம் இருந்தது. தமிழில் எழுதினால் வேலி தெரியும் என்று அர்த்தம் ஆகிடுது. சில ஊரில் உண்மையிலேயே அதான் தெரியும்.) யாருக்கும் எந்த வருத்தமும் இல்லை. காலை ஏழு மணிக்கு வெளியே போனால் ராத்திரி பத்து மணிக்குத்தான் திரும்பினோம். பள்ளத்தாக்கைப் பார்க்கணுமா, கோக்கர்ஸ் வாக் இருக்கு. 1872-ல் போட்ட நடைபாதை, சுமார் ஒரு கிலோமீட்டர், மலை விளிம்பிலேயே போகும். சின்ன டிக்கெட்தான். நாங்க போன மத்தியானம் கீழிருந்து பனி ஏறி வந்து மொத்தப் பள்ளத்தாக்கும் வெள்ளையாயிடுச்சு. எங்களுக்கு ஒன்றும் தெரியலை. அதே நேரம் கூடக் காசு குடுத்து ரூம் எடுத்து பால்கனியில் உட்கார்ந்திருந்தவங்களுக்கும் அதே வெள்ளைதான். நாங்க கிளம்பிப் போய் சூடா மேகி சாப்பிட்டோம்.

அதனால் பசங்களோடு போகும்போது என் பதில் ஹாஸ்டல் பதில்தான். ஸ்டாண்டர்ட் ரூம் எடு, மிச்சக் காசுக்கு நல்லா சாப்பிடு.

கன்னியாகுமரிக்கு வருவோம். போனது அஞ்சு பேர். அப்பா, அம்மா, தம்பி, நான், ஆச்சி. ஆச்சிக்கு 74 வயசு. ரெண்டு முட்டியும் தேய்ஞ்சு போச்சு. சுவரைப் பிடித்துக்கொண்டு பத்தடி நடப்பா, அப்புறம் உட்காரணும். மணலில் கால் வைக்க முடியாது. விவேகானந்தர் பாறைக்குப் போகணும்னா வரிசையில் நிக்கணும், படியில் இறங்கணும், ஆடுற போட்டில் ஏறணும். அதெல்லாம் ஆச்சியால் ஆகாது. பகவதி அம்மன் கோயிலுக்கு மட்டும் ஆட்டோ வைத்துக் கூட்டிப் போகலாம். மற்ற நேரமெல்லாம் ஆச்சி ரூமில்தான். ஆச்சியைத் தனியா விட முடியாது, அதனால் அம்மாவும் பாதி நேரம் ரூமில்தான்.

இது எங்க வீட்டு டூரில் புதுசு இல்லை. திருச்செந்தூர், குற்றாலம், எங்கே போனாலும் இப்படித்தான். யாராவது ஒருத்தர் பையைப் பார்த்துக்கணும், ஈரத் துணியைக் காயப் போடணும், தூங்குற பிள்ளைக்குக் காவல் இருக்கணும். நானும் தம்பியும் சின்னப் பிள்ளைகளா இருந்தப்போ அது அம்மா. இப்போ ஆச்சியும் சேர்ந்தாச்சு. குற்றாலத்தில் ஒரு தடவை எடுத்த ரூமில் ஜன்னல் காரிடார் பக்கம் இருந்தது. நாங்க அருவியில் குளிச்சுட்டு வந்து கதை கதையா சொன்னோம். அம்மா கேட்டுக்கொண்டே துண்டைப் பிழிஞ்சாங்க. அவங்ககிட்ட திருப்பிச் சொல்ல எதுவுமே இல்லை.

கன்னியாகுமரியில் மூணாவது மாடி, லிப்ட் உண்டு. பால்கனி தென்கிழக்குப் பார்த்தது. நேரே விவேகானந்தர் பாறை, பக்கத்தில் 133 அடி திருவள்ளுவர் சிலை, ரெண்டுக்கும் நடுவில் 2024 டிசம்பர் கடைசியில் திறந்த 77 மீட்டர் கண்ணாடிப் பாலம். கீழே படகுத்துறை. ஆச்சிக்கு ஒரு பிளாஸ்டிக் சேர் போட்டுக் கொடுத்துவிட்டு நாங்க மூணு பேரும் பாறைக்குக் கிளம்பினோம். வரிசை, போட்டு, பாறை, பாலம், மறுபடி வரிசை. திரும்ப மூணு மணி நேரம் ஆச்சு.

கதவைத் திறந்ததும் ஆச்சிதான் முதலில் பேசினா. "ஏல, நீங்க போன போட்டு நேராப் போகல. ஒரு சுத்து சுத்தித்தான் பாறைகிட்டப் போச்சு. அது ஏன்?" நான் போட்டுக்குள்ளேயே இருந்தேன், அதைக் கவனிக்கவே இல்லை. "அலைக்கு ஏத்த மாதிரி திருப்புவாங்களா இருக்கும் ஆச்சி"ன்னு சமாளிச்சேன். ஆச்சி விடவில்லை. போட்டு மொத்தம் பதினாலு தடவை போச்சாம். பாலத்தில் ஒரு சிவப்புச் சேலைக்காரி பாதியில் நின்னுட்டாளாம், பயந்திருப்பாளாம், கொஞ்ச நேரம் கழிச்சு ஒரு ஆள் கையைப் பிடிச்சுக் கூட்டிப் போனானாம். மீன்பிடி வள்ளம் நாலு கரைக்கு வந்துச்சாம். அம்மன் மூக்குத்தி வெளிச்சத்தைக் கலங்கரை விளக்குன்னு நினைச்சுக் கப்பல் வந்து பாறையில் மோதின கதையைத் தம்பிக்குச் சொன்னா, விரலை நீட்டி, "இந்தா, அங்கனதான் மோதியிருக்கும்" என்று இடம் காட்டி.

அன்னிக்கு ராத்திரி சாப்பிடும்போது எல்லாரும் பேசினோம். ஆச்சியும் பேசினா. நாங்க பாறையைப் பாறையிலிருந்து பார்த்தோம், ஆச்சி பாறையையும் பார்த்தா, எங்களையும் பார்த்தா.

அம்மா? அவங்க பெருசா ஒன்றும் சொல்லவில்லை. பால்கனிக் கம்பியில் துணி காயப் போடக் கூடாதுன்னு போர்டு இருந்தது. "நல்லதாப் போச்சு"ன்னு பக்கெட்டை மூடி வெச்சுட்டு ஆச்சி பக்கத்தில் உட்கார்ந்துட்டாங்களாம். ஆச்சி சொல்லித்தான் தெரியும். மாமியாரும் மருமகளும் மூணு மணி நேரம் சண்டை போடாமல் உட்கார்ந்திருந்தது எங்க வீட்டு வரலாற்றில் ஒரு ரெக்கார்டு.

இப்போ கணக்கு. ரெண்டு ராத்திரிக்கு 3,000, ஜிஎஸ்டி 5% சேர்த்து 3,150 ரூபாய் எக்ஸ்ட்ரா. பகல் வெளிச்சத்தில், முழிச்சுக்கொண்டு, ரூமில் இருந்த நேரம் தோராயமா இது: ஆச்சி 12 மணி நேரம், அம்மா ஏழரை, நான் ஒன்றரை, அப்பா ஒன்று, தம்பி அரை (அதுவும் ரீல் எடுத்தது). அப்பா மட்டும் வந்திருந்தால் ஒரு மணி நேரத்துக்கு 3,150 ரூபாய். அவர் வேஸ்ட் என்று சொன்னது அவரைப் பொறுத்தவரை நூத்துக்கு நூறு சரி. எனக்கு 2,100. ஆச்சி ஒருத்திக்கு மட்டும் கணக்குப் போட்டாலே 262 ரூபாய்க்கு வந்துடுது. அஞ்சு பேர் நேரத்தையும் கூட்டினால் இருபத்திரண்டரை மணி நேரம், அதாவது மணிக்கு 140 ரூபாய். தியேட்டர் பாப்கார்னை விடக் கம்மி.

சன்ரைஸுக்காகத்தான் சீ வியூ என்று பலர் நினைக்கிறாங்க. அது வீண். முதல் நாள் காலையில் அடிவானத்தில் மேகம்; சூரியன் ஒரு பனை உயரம் வந்த பிறகுதான் கண்ணில் பட்டது. ரெண்டாவது நாள் பளிச்சென்று தெரிந்தது, ஆனால் நானும் அப்பாவும் தம்பியும் கரையில் ஓசியில் பார்த்துக்கொண்டிருந்தோம். ஸ்டாண்டர்ட் ரூம்காரங்க மொட்டை மாடியில் நின்று அதையேதான் பார்த்தாங்க. சன்ரைஸ் பத்து நிமிஷம். அதுக்கு மொட்டை மாடி போதும். மீதிப் பகல் முழுக்க ரூமுக்குள் இருக்கப்போறவங்களுக்குத்தான் ஜன்னல் வேணும்.

ஜன்னல் பற்றி ஒரு பழைய ஆராய்ச்சி உண்டு. ராஜர் உல்ரிச் என்பவர் 1984-ல் 'சயின்ஸ்' இதழில் எழுதியது. பித்தப்பை ஆபரேஷன் ஆன 46 நோயாளிகள். பாதிப் பேர் படுக்கையிலிருந்து ஜன்னல் வழியா மரங்கள் தெரியும், மீதிப் பேருக்குச் செங்கல் சுவர். மரம் பார்த்தவங்க சராசரியா 7.96 நாளில் டிஸ்சார்ஜ், சுவர் பார்த்தவங்க 8.70 நாள். பவரான வலி மருந்தும் மரம் பார்த்தவங்களுக்குக் கம்மியாத்தான் தேவைப்பட்டது. சின்ன ஆராய்ச்சிதான், ஆச்சி முட்டி கடலைப் பார்த்துச் சரியாகவும் இல்லை. எனக்கு அதில் பிடிச்சது ஒன்றுதான்: அந்த 46 பேரும் எழுந்து வெளியே போக முடியாதவங்க. அவங்களுக்கு வெளியூர், வெளியுலகம் எல்லாமே அந்த ஜன்னல்தான்.

எடுப்பதென்று முடிவு செய்தால் சில விஷயம் பார்த்துக்கோங்க.

ஒன்று, போட்டோவை நம்பாமல் போன் பண்ணிக் கேளுங்க. எந்த மாடி, லிப்ட் உண்டா, ஜன்னலுக்கு நேரே என்ன இருக்கு, கட்டிலில் அல்லது சேரில் உட்கார்ந்தபடியே தெரியுமா, எட்டிப் பார்த்தால்தான் தெரியுமா. முட்டி வலிக்காரங்க எட்டிப் பார்க்க மாட்டாங்க. பால்கனிச் சுவர் கட்டைச் சுவரா இருந்தால் உட்கார்ந்தவங்களுக்குச் சிமென்ட்தான் தெரியும். கம்பியா இருந்தால் கடல் தெரியும்.

ரெண்டு, மாசம். கன்னியாகுமரியில் டிசம்பரில் சூரியன் நேர் கிழக்கிலிருந்து கிட்டத்தட்ட 24 டிகிரி தெற்கே தள்ளி உதிக்கும், ஜூனில் அதே அளவு வடக்கே. மொத்தம் 47 டிகிரிக்கு மேல் நகருது. சன்ரைஸ் வியூ என்று போட்டிருக்கிற ரூமில் பாதி வருஷம் பக்கத்துக் கட்டடத்துக்குப் பின்னாடி உதிக்கலாம். மலை ஊரென்றால் பனி, மழை சீசனையும் பாருங்க.

மூணு, ஜிஎஸ்டி. 2025 செப்டம்பர் 22-லிருந்து ஒரு நாள் வாடகை 7,500 வரைக்கும் 5%, தாண்டினால் 18%. தாண்டின தொகைக்கு மட்டும் இல்லை, முழு வாடகைக்கும். ஸ்டாண்டர்ட் 7,200, வியூ ரூம் 7,700 என்று ஒரு ரிசார்ட் போட்டிருந்தால் 500 ரூபாய்தானே என்று கை போகும். வரியோடு 7,560-க்கும் 9,086-க்கும் வித்தியாசம் 1,526 ரூபாய்.

அப்பா கருத்தை மாத்திக்கவில்லை என்பதையும் சொல்லணும். ரெண்டாம் நாள் மத்தியானம் ஸ்க்ரீனை இழுத்து மூடிட்டுத் தூங்கினார். ஆச்சி, "ஸ்க்ரீனுக்கு அந்தப் பக்கம் சேரைப் போடுல"ன்னு என்னிடம் சொன்னா. போட்டேன். ஒரே ரூமில் அப்பாவுக்கு இருட்டும் கிடைச்சது, ஆச்சிக்குக் கடலும் கிடைச்சது.

ஏப்ரலில் எங்க கிளாஸ் டூர். இப்பவே வாட்ஸ்அப் குரூப்பில் போல் ஓடிக்கொண்டிருக்கு: ஸ்டாண்டர்டா, வியூ ரூமா? நான் ஸ்டாண்டர்டுக்குத்தான் போட்டிருக்கிறேன். உங்க வீட்டு டூருக்கு இதே கேள்வி வந்தால், எந்த ரூம் நல்லதுன்னு ஆப்பில் தேடுறதுக்கு முன்னாடி வீட்டில் ஒரு தடவை கேட்டுப் பாருங்க: நாம எல்லாரும் வெளியே போகும்போது ரூமில் இருக்கப்போறது யாரு?