பங்கில் எனக்கும் ஒரு பங்கு

'பங்கு' என்றதும் நண்பர்கள் பலருக்கு ஷேர் மார்க்கெட்தான் ஞாபகம் வரும். கத்தோலிக்கர்களுக்குப் பங்கு என்றால் ஒரு கோயிலையும் ஒரு பங்குச் சாமியாரையும் சுற்றி வாழும் குடும்பங்கள். எனக்கு அந்தச் சொல்லின் நேரான பொருளே பிடிக்கும். பங்கு என்றால், அதில் நமக்கும் ஒரு பங்கு உண்டு.

அந்தப் பங்கு எல்லோருக்கும் சுலபமாகக் கிடைத்துவிடவில்லை. நெல்லைச் சீமையின் வடக்கன்குளம் கோயிலில் இரண்டு சாதியார் தனித்தனியே அமர்ந்து பூசை காண நடுவே ஒரு சுவர் இருந்தது. 1910இல் அது இடிக்கப்பட்டது. அதை எதிர்த்த வழக்கு சென்னை உயர் நீதிமன்றம் வரை போயும் சுவர் திரும்ப எழவில்லை. ஆனால் மனதில் உள்ள சுவரை இடிக்க எந்தக் கோர்ட்டாலும் முடியாதே!

எங்கள் பழைய ஊரில் திருவிழாத் தேர் எங்கள் தெருவுக்கு வராது. அப்பாவின் வேலைக்காக இந்த ஊருக்குக் குடிவந்தபோது அந்த நினைப்பும் கூடவே வந்தது. வந்த இரண்டாம் வாரமே ஒரு அக்கா நோட்டும் கையுமாக வந்து நின்றார். "அன்பியத்துல உங்க பேரை எழுதிக்கிறேன். அடுத்த மாசம் உங்க வீட்டு முறை" என்றார்.

அன்பியம் என்பது பக்கத்துப் பக்கத்துக் குடும்பங்கள் சேர்ந்த சிறு குழு. முறை வைத்து ஒவ்வொரு வீடாகக் கூடுவார்கள். பாட்டு, விவிலிய வாசிப்பு, செபம், பிறகு யாருக்கு உடம்பு சரியில்லை, யாருக்கு என்ன உதவி தேவை என்ற பேச்சு. கடைசியில் டீ.

அந்த டீதான் அம்மாவின் கவலை. "வருவாங்க சரி, நம்ம வீட்ல கை நனைப்பாங்களா? பேசாம கடையில கலர் வாங்கி வச்சிருவோமா?" மூடி திறக்காத பாட்டில் என்றால் யாருக்கும் சங்கடம் இல்லையாம். அப்பா ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார்: "டீயே போடு."

அன்று மாலை பாயில் இடம் போதாமல் பாதிப் பேர் வாசற்படியில் அமர்ந்தார்கள். செபம் முடிந்தது. அம்மா தம்ளர்த் தட்டோடு வந்து நின்றார். முன்னால் இருந்த பாட்டி முதல் தம்ளரை எடுத்து ஒரு மடக்குக் குடித்துவிட்டு, "ஏம்மா, சீனி பத்தலையே, இன்னுங் கொஞ்சம் போட்டுக் கொண்டா" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். சீனி எடுக்க அடுப்படிக்குள் போன அம்மா வெகுநேரம் வெளியே வரவில்லை.

அதற்குப் பிறகு எங்களை யாரும் 'புதுசா வந்தவங்க' என்று சொல்லிக் கேட்டதில்லை. திருவிழா அசனத்துக்கு அம்மா மற்ற பெண்களோடு உட்கார்ந்து காய் நறுக்குகிறார். நான் சாம்பார் வாளி தூக்குகிறேன். அந்தப் பந்தியில் இந்துக்களும் இஸ்லாமியரும் அமர்கிறார்கள். யார் எந்தத் தெரு என்று இலை கேட்பதில்லை.

எல்லா ஊரும் இப்படி என்று சொல்ல மாட்டேன். செத்தவர்களைக்கூடத் தனித்தனிக் கல்லறையில் அடக்கும் ஊர்களைப் பற்றி இன்றும் செய்தி வருகிறது. வரவேற்கும் பங்கு தானாக முளைப்பதில்லை. யாராவது ஒருவர் முதலில் கை நீட்டித் தம்ளரை எடுக்க வேண்டியிருக்கிறது.

ஏழைகளின் வீடு தேடிப் போகும் வின்சென்ட் தே பால் சபையை 1833இல் பாரிசில் நண்பர்களோடு தொடங்கிய பிரெடரிக் ஓசானாம், அப்போது நம்மைப் போல ஒரு மாணவர்தான். வயது 20. நண்பர்களே, நம் விடுதியிலும் வகுப்பிலும் புதிதாய் வந்து ஓரமாய் நிற்கும் முகங்கள் உண்டு. அவர்களிடம் போய்ப் பேச எந்தச் சர்க்குலரும் வர வேண்டியதில்லை. பக்கத்தில் உட்கார்ந்து, உரிமையோடு கொஞ்சம் சீனி கேட்டால் போதும்.