ஒட்டகத்தைக் கட்டிய பின்

ஏலகிரியில் மலையேறச் செல்வதற்காகச் சென்னீர்குப்பத்தில் வாடகை வண்டி தேடினோம். இரண்டு கிடைத்தன. ஒன்று பளபளப்பான கார். ஆனால் டயர்கள் வழுவழுவெனத் தேய்ந்திருந்தன. மற்றது பழைய ஜீப். அதன் டயரும் பிரேக்கும் புதியவை. பிள்ளைகள் காரையே விரும்பினர். பிள்ளைகளோ நம்மிடம் அல்லாஹ் ஒப்படைத்த அமானிதம்! ஜீப்பையே அமர்த்தினோம்.

ஏலகிரிப் பாதையில் 14 கொண்டை ஊசி வளைவுகள். ஏறுகையில் சோதனை எஞ்சினுக்கு, இறங்குகையில் பிரேக்குக்கு. ஓயாமல் மிதித்தால் பிரேக் சூடேறிப் பிடிப்பை இழக்கும். ஏறிய கியரிலேயே இறங்கினால் எஞ்சினே வேகத்தைத் தடுக்கும். இதனை அறிந்த ஓட்டுநரும் நமக்கு வாய்த்தார்.

ஒட்டகத்தைக் கட்டிவிட்டுத் தவக்குல் வைப்பதே நபிவழி. பிரயாண துஆ ஓதுமுன் டயரைத் தடவிப் பார்ப்பதும் அவ்வழியைச் சேர்ந்ததன்றோ! மறுநாள் இஷாவுக்குள் அனைவரும் நலமாக இல்லம் மீண்டோம், அல்ஹம்துலில்லாஹ்.