தேசிக்காயும் ஆறிய தேநீரும்

ஏப்ரல் முற்பகுதியில் இலங்கையின் மீது சூரியன் நேர் உச்சியில் நிற்கும். அந்தச் சித்திரை வெயிலில் சுடச்சுடத் தேநீர் அருந்த மனம் வருவதில்லை. ஆனால், பத்திரிகை அலுவலகங்களில் இரவுப் பணி பார்த்தே வாழ்நாளின் பெரும்பகுதியைக் கழித்தவனுக்குத் தேநீரைக் கைவிடவும் இயலாது. ஆதலால், தேசிக்காய்ச் சாறும் சீனியும் சேர்த்த குளிர்ந்த வெறுந்தேநீரே எனது கோடைகாலப் பானம். "தேயிலை விளையும் நாட்டில் இது என்ன புதுப் பழக்கம்?" என்று நண்பர்கள் கேலி செய்வதுண்டு.

இது ஒன்றும் புதிய பழக்கமல்ல. அமெரிக்காவில் 1879 இல் வெளியான சமையல் நூலொன்றிலேயே எலுமிச்சை சேர்த்த குளிர் தேநீரின் செய்முறை இருக்கிறது. 1904 இல் சென் லூயிஸ் நகரில் நடைபெற்ற உலகக் கண்காட்சியில், இந்தியத் தேயிலைக்கு விளம்பரம் தேடிச் சென்ற ரிச்சர்ட் பிளெச்சிண்டன், வெயிலில் எவரும் சூடான தேநீரை நாடாததால் அதில் ஐஸ் சேர்த்து வழங்கினார் என்று சொல்வார்கள். அவர் அதனைக் கண்டுபிடிக்கவில்லை. பிரபலப்படுத்தினார் என்பதே பொருத்தம்.

செய்முறை எளிது. அரை லீற்றர் நீரைக் கொதிக்கவைத்து இறக்கி, நான்கு தேக்கரண்டி தேயிலை இட்டு, ஐந்து நிமிடங்கள் மூடி வைக்க வேண்டும். அதற்கு மேல் ஊறினால் கசக்கும். வடிக்கும்போது சக்கையைப் பிழியலாகாது. சூடு ஆறுவதற்கு முன்பே ஐந்தாறு மேசைக்கரண்டி சீனியைக் கரைத்துவிட வேண்டும். குளிர்ந்த பின்னர் இட்டால் சீனி அடியில் தங்கிவிடும். பின்னர் கொதித்தாறிய நீர் அரை லீற்றர் சேர்த்து, தானாக ஆறவிட வேண்டும். சூட்டோடு குளிர்சாதனப் பெட்டிக்குள் வைத்தால், தேயிலையிலுள்ள கஃபீனும் துவர்ப்புப் பொருட்களும் ஒன்றோடொன்று பிணைந்து தேநீர் கலங்கிவிடும். இரண்டு தேசிக்காய்களின் சாற்றை இறுதியில்தான் சேர்க்க வேண்டும். புளிப்புப் பட்டவுடன் கருஞ்சிவப்பு நிறம் வெளிறிப் பொன்னிறமாவதைப் பார்ப்பதே ஒரு சுகம்.

ஆனால், இதனை நான் எந்த நூலிலும் படிக்கவில்லை. எனக்குக் கற்றுத்தந்தவர் அம்மா.

1990 இல் போர் மீண்டும் மூண்ட பின்னர் யாழ்ப்பாணம் மின்சாரத்தை இழந்தது. பொருளாதாரத் தடையினால் மண்ணெண்ணெயும் சீனியும் எட்டாத விலைக்குப் போயின. ஜாம் போத்தல் விளக்கொளியில் நாங்கள் செய்தி எழுதிய காலம் அது. விறகை மிச்சம்பிடிப்பதற்காக அம்மா காலையில் ஒரே தடவைதான் தேநீர் வைப்பார். தண்ணீர்ப் பானைக்குக் கீழே ஈரமணலில் போத்தலைப் புதைத்து வைப்பார். நண்பகலில் நானும் நண்பர்களும் சைக்கிளில் களைத்து வந்தால், கிணற்றடி மரத்தில் பறித்த தேசிக்காயைப் பிழிந்து தருவார். ஐஸ் இல்லாவிட்டாலும் அந்தக் குளிர்ச்சி போதுமாயிருந்தது.

சீனி கரைப்பதற்கு முன்னர் தனக்கென்று ஒரு குவளையை அவர் எடுத்து வைத்துவிடுவது வழக்கம். கேட்டால், "எனக்கு இனிப்புச் சரிவராது, தம்பி" என்பார். நான் அதனை நம்பினேன். அந்த வாரங்களில்தான் சீனி விலையேற்றம் குறித்து, சந்தைக்குச் சென்று வியாபாரிகளிடமும் குடும்பப் பெண்களிடமும் விசாரித்து எழுதிக்கொண்டிருந்தேன் என்பதையும் சொல்லியாக வேண்டும்.

2022 மார்ச் இறுதியில், கொழும்பில் நாளொன்றுக்குப் பதின்மூன்று மணித்தியாலம் மின்வெட்டு. சமையல் எரிவாயுவுக்கு நீண்ட வரிசை. பால்மா வாங்கும் நிலையில் நாங்கள் இல்லை. மனைவியும் காலையில் ஒரே தடவை தேநீர் வைக்கத் தொடங்கினார். ஒரு நாள், சீனி போடும் முன்னர் அவர் ஒரு குவளையை எடுத்து ஒதுக்கி வைப்பதைக் கண்டேன். ஏன் என்று கேட்டேன்.

"எனக்கு இப்ப இனிப்புப் பிடிக்கிறேல்லை, விடுங்கோ."

அப்போதுதான், கோயில் சர்க்கரைப் பொங்கலை அம்மா இரண்டாந்தரமும் கேட்டு வாங்கி உண்பது நினைவுக்கு வந்தது. அவர் மறைந்து அப்போது எட்டு ஆண்டுகள் ஆகியிருந்தன. அமைச்சர்களையும் அதிகாரிகளையும் கேள்வி கேட்பதையே தொழிலாகக் கொண்டவன், சொந்த வீட்டுக் குசினியில் கேட்க வேண்டிய ஒரு கேள்வியைக் கேட்கத் தவறிவிட்டேன்.

இப்போது எங்கள் வீட்டில் தேநீர் தயாரிப்பது நான். சீனி முழுவதும் கரைந்த பின்னரே குவளைகளை எடுக்கிறேன். கனடாவிலும் ஐரோப்பாவிலும் கோடைகாலத்தில் இதனைச் செய்து பார்க்கப்போகும் அன்பர்களுக்கு ஒரு வேண்டுகோள்: வீட்டில் எவரேனும் தமக்கு இனிப்பு வேண்டாமென்றால், அது நீரிழிவா அல்லது வேறு காரணமா என்று ஒரு தடவை கேட்டுவிடுங்கள்.