பன்னிரண்டு வயதில் ஒரு சம்மதம்

அம்மாடி, துறைக்குத் தலைமை ஏற்கச் சொல்லிக் கூப்பிட்டிருக்கிறார்களாம். வயதும் அனுபவமும் போதாது என்று நீ தள்ளிப்போடுகிறாயாம். பதில் எழுதுமுன் ஒருநாள் காஞ்சிக்கு வா. வைகுண்டப் பெருமாள் கோயில் திருச்சுற்றில் உனக்குக் காட்ட வேண்டியது இருக்கிறது.

சிங்கத் தூண்களுக்குப் பின்னால், சுவர் நெடுகப் பல்லவர் கதையைச் செதுக்கியிருக்கிறார்கள். கி.பி. 731 வாக்கில் இரண்டாம் பரமேசுவரவர்மன் இறந்தான். பட்டத்துக்கு வாரிசு இல்லை. அமைச்சர்களும் கடிகை என்ற கல்விச்சாலையைச் சேர்ந்தவர்களும் குடிகளின் பெரியவர்களும் கிளைவழியில் வந்த இரணியவர்மனிடம் போய் நின்றார்கள். அவர் தம் பிள்ளைகள் நால்வரையும் கேட்டார். மூத்த மூவரும் மறுத்துவிட்டார்கள். கடைசிப் பிள்ளை பல்லவமல்லன், 12 வயது, போகிறேன் என்றான். தகப்பனுக்குத்தான் மனசு கேட்கவில்லை. பெரியவர் ஒருவர் எடுத்துச் சொல்லித் தேற்றிய பிறகே அனுப்பினார். நந்திவர்மன் என்று முடிசூட்டினார்கள்.

மறுத்த மூவரைக் கோழைகள் என்று சொல்லமாட்டேன். அவர்கள் பயந்தது நடக்கவும் செய்தது. சாளுக்கிய விக்கிரமாதித்தன் காஞ்சியையே பிடித்தான். நந்திபுரத்தில் எதிரிகள் வளைத்துக்கொண்டபோது, தளபதி உதயசந்திரன் வந்துதான் நந்திவர்மனை மீட்டான். அத்தனையும் தாண்டி அவன் ஏறத்தாழ 65 வருஷம் ஆண்டான். இந்தக் கோயிலும் அவன் கட்டியதே.

அந்த உதயசந்திரனை நினைத்துக்கொள். கோர்வைச் சேலைக்கு மறுகரை நாடா போட இன்னொரு ஆள் தறியில் உட்கார்கிறாரே, அதுபோல உனக்கும் ஓர் ஆள் வேண்டும். அலுவலகத்தில் அது யார் என்று முதல் மாதமே கண்டுபிடி. எல்லாம் தெரிந்த பிறகுதான் நாற்காலியில் உட்காருவேன் என்றால், அதுவரை அங்கே யார் உட்கார்ந்திருப்பார்கள் என்பதையும் யோசி.

ஏற்றுக்கொண்டால் காலமெல்லாம் கட்டுண்டு கிடக்க வேண்டும் என்றும் இல்லை. ஓமந்தூரார் 1947இல் தயங்கித் தயங்கித்தான் சென்னை மாகாண முதல்வர் பொறுப்பை ஏற்றார். அந்த வருஷமே ஆலய நுழைவுச் சட்டமும் தேவதாசி ஒழிப்புச் சட்டமும் வந்தன. 1949இல் விலகினார், பிறகு வடலூரில் போய்த் தங்கிவிட்டார்.

உன்னைக் கூப்பிட்டவர்களிடம் சம்பளமும் வீடும் பற்றிப் பிறகு கேட்டுக்கொள்ளலாம். தவறான கோப்பு வந்தால் ‘முடியாது’ என்று எழுத எனக்கு இடமுண்டா என்று முதலில் கேள். உண்டு என்றால் இந்த வாரமே சம்மதக் கடிதத்தைக் கொடுத்துவிடு.