குன்றத்தூரில் நிழலும் இடம் மாறும்!

சேக்கிழார் பிறந்த ஊர், மலைமேல் வடக்கு நோக்கி நிற்கும் முருகன், பக்கத்திலேயே செம்பரம்பாக்கம் ஏரி... குன்றத்தூரின் பழைய அடையாளங்கள் இவை. புதிய அடையாளம், ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் பக்கம் வேலைக்குப் போகிறவர்கள் கட்டும் வீடுகள். அந்த வீடுகளின் வாசலில் வேம்பும் புங்கனும் இப்போதுதான் இடுப்பளவு வளர்ந்திருக்கின்றன. அதனால் இங்கே தொட்டிச் செடிகளுக்குக் கிடைப்பது மரநிழல் அல்ல, சுவர் நிழல்.

அதில்தான் சிக்கல். மார்கழியில் வடக்குச் சுவரோரம் ஜில்லென்று இருக்கும். பெரணி, பீஸ் லில்லி, சித்தரத்தை எல்லாவற்றையும் அங்கே நட்டுவிடுவார்கள். மாசி வரை தளதளவென்று இருக்கும் செடிகள் வைகாசியில் கருகும். தண்ணீர் போதவில்லை என்று மேலும் மேலும் ஊற்றினால் வேரும் அழுகும்.

குன்றத்தூர் இருப்பது சுமார் 13 டிகிரி வட அட்சரேகையில். ஏப்ரல் கடைசியில் உச்சியைக் கடந்து வடக்கே சாயும் சூரியன், ஆகஸ்ட் நடுவில்தான் தெற்கே திரும்புகிறது. அந்த நாலு மாதமும் வெயில் வாங்குவது வடக்குச் சுவர். வடக்குப் பக்கம் என்றைக்கும் நிழல் என்பது குளிர்நாட்டுக் கணக்கு, இங்கே செல்லாது.

புது வீட்டில் முதல் ஒரு வருடம் செடிகள் தொட்டியிலேயே இருக்கட்டும். ஜூனிலும் டிசம்பரிலும் வெயில் எங்கே விழுகிறது என்று பார்த்த பிறகு தரையில் நடலாம். பால்கனிக்கு அடியிலும், இரண்டு வீடுகளுக்கு நடுவே உள்ள சந்திலும் பெரும்பாலும் நிழல் நிலைக்கும்.

பிரித்து நட ஏற்றது ஆவணி, புரட்டாசி. வெயில் தணிந்திருக்கும், ஐப்பசி அடைமழைக்கு முன் வேர் பிடித்துவிடும். முதல் நாளே தண்ணீர் விட்டு, மறுநாள் மாலை தூரோடு தோண்டி எடுக்க வேண்டும். ஒவ்வொரு துண்டிலும் வேரோடு இரண்டு, மூன்று குருத்தாவது இருக்கட்டும். பாம்புக்கற்றாழையின் வெட்டுவாய் ஒருநாள் காய்ந்தபின் நடுவது நல்லது. பீஸ் லில்லியின் சாறு பட்டால் அரிக்கும், கையுறை அவசியம்.

புது மனையில் மண்ணுக்குள் சிமென்ட் கட்டியும் செங்கல் துண்டும் கிடக்கும். பொறுக்கி எறிந்துவிட்டு, செம்மண்ணும் மக்கிய சாணி எருவும் கலந்து, முன்பிருந்த ஆழத்திலேயே நட்டால் போதும். புதுக் குருத்து வரும்வரை வேறு உரம் வேண்டாம்.

வேம்பு வளர்ந்து குடை விரித்துவிட்டால், வடக்குச் சுவரோரமும் செடிகள் தைரியமாகக் குடியேறலாம்.